பியானோவுக்குள் எரியும் பல்பு

எங்கள் குழுவில் எட்டு வருஷமாகப் பியானோ கிடையாது. அதைப் பெரிய இசைக் கொள்கை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒத்திகை அறை கீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அவ்வளவுதான். ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் என் டபுள் பேஸை மேலே ஏற்றவே வாட்ச்மேன் அண்ணன் ஒரு கை பிடிக்க வேண்டும். முதல் நாள் உறையோடு பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார், பீரோவா?" என்று கேட்டவர் அவர். இன்றைக்கும் அதை பீரோ என்றுதான் சொல்வார்.

சாக்ஸபோன், கிட்டார், டிரம்ஸ், பேஸ். நாலு பேர். சாக்ஸ் வாசிப்பவர் வங்கியில் இருக்கிறார். நான் பகலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மற்றவர்களின் கணக்கைக் கூட்டிக் கழிக்கிறேன். கிட்டார்காரன் மட்டும்தான் முழுநேர இசைக்காரன், சினிமா செஷன்களில் பிழைப்பு. டிரம்ஸ்காரர் மிருதங்கக் குடும்பம். சென்னையில் ஜாஸா என்று யாராவது சிரித்தால் அவர் உடனே 1958க்குப் போய்விடுவார். அந்த வருஷம் டேவ் ப்ரூபெக் குவார்ட்டெட் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் மெட்ராஸ் வந்தபோது, அவர்களுடைய டிரம்மர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்த கதை. பிள்ளைவாள் இடது கைக்காரர் என்பதையும், மிருதங்கத்தின் கனத்த பக்கத்தில் வரும் அந்தத் தொப்பி நாதத்தைக் கேட்டு வெள்ளைக்காரர் எப்படி அசந்திருப்பார் என்பதையும் நேரில் பார்த்தவர் மாதிரிச் சொல்வார். நான் என் பங்குக்கு, ஜாஸ் கிட்டார் மேதை ஜான் மெக்லாஃப்லின் 2007ல் ஒரு முழு ஆல்பத்தை இந்த ஊரில்தான் பதிவு செய்தார், கீபோர்டில் லூயிஸ் பேங்க்ஸ் என்பேன். இதற்குள் சிரித்தவர் போய்விட்டிருப்பார்.

ஆக, சொந்தப் பாட்டுகள் எட்டு சேர்ந்ததும் ஆல்பம் போடலாம் என்று முடிவானது. அப்போதுதான் சாக்ஸ் அண்ணன் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் மகள் வேப்பேரியில் ஒரு மிஸ்ஸிடம் பியானோ படிக்கிறாள், ட்ரினிட்டி கிரேடு பரீட்சைக்கு. ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போனவர் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுவிட்டார். வகுப்பு முடிந்திருந்தது. மிஸ் தனக்காக வாசித்துக்கொண்டிருந்தார். "மச்சான், இடது கையில ரூட்டே இல்லடா. ரூட்ட யாரோ பேஸ்காரன் வாசிக்கிறான்னு நெனச்சுக்கிட்டு வாசிக்கறாங்க."

ரூட் என்றால் கார்டின், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டின், அடி ஸ்வரம். அந்த யாரோ பேஸ்காரன் நான்தான் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

கிட்டார்காரனுக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருஷமாக கார்டு போட்டுத் தாங்கியவன் அவன். "பியானோ எதுக்கு? நான் இருக்கேனே" என்றான், சிரித்துக்கொண்டுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு குட் மார்னிங் ஃபார்வேர்டு வரவில்லை.

மிஸ் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம், சர்ச்சில் ஆராதனை முடிந்து அவர் திரும்பிய பிறகு. அறுபத்தெட்டு வயது. ஊர் பாளையங்கோட்டை, மெட்ராஸ் வந்து ஐம்பது வருஷம் ஆகியும் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை. கூடத்தில் ஒரு பழைய அப்ரைட் பியானோ. 1842ல் தொடங்கிய மவுண்ட் ரோட்டு இசைக்கருவிக் கடை மியூசி மியூசிக்கலில் அவர் அப்பா தவணையில் வாங்கியதாம். பெடலுக்கு மேலே இருக்கும் பலகையின் இடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் கசிந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பலகையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று, இருபத்துநாலு மணி நேரமும் எரிகிறது.

"ஈரத்துக்கு தம்பி. மழைக்காலத்துல மரம் ஊதும், ஃபெல்ட்டு ஊதும், கட்டைய அமுக்கினா மேல வராது. இந்த பல்பு சூட்டுக்குத்தான் இது உயிரோட இருக்கு. இப்ப எல்லாம் எல்இடியா வந்துட்டு. அது வெளிச்சம் குடுக்கும், சூடு குடுக்காதே."

மீதமிருக்கும் குண்டு பல்புகளை ஒரு ஹார்லிக்ஸ் அட்டைப் பெட்டியில், வளையல் மாதிரிப் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். நாலு இருந்தன.

எழுபதுகளில் கோடம்பாக்கத்தில் வாசித்திருக்கிறார். மவுண்ட் ரோட்டு ஹோட்டல்களில் டின்னர் பேண்டு இருந்த காலத்தில் அண்ணனோடு அங்கேயும். அண்ணன் வைத்திருந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் படித்ததுதான் ஜாஸ். அது தவிர நாற்பது வருஷமாகக் கோயிலில் ஆர்கன். ஸ்டுடியோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கப் போகிறோம், தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டப் போவதில்லை என்றதும் அவருக்குச் சிரிப்பு. "அப்ப எல்லாம் அப்படித்தானே. அறுபது பேரு உக்காந்திருப்போம். ஒருத்தர் தப்பு பண்ணினா அறுபது பேரும் மறுபடி. தப்பு பண்ணினவர யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அதான் மரியாதை."

காசு விஷயத்தை நான் மென்று விழுங்கியபோது, "எனக்கு எவ்வளவுன்னு கேக்கல தம்பி, ஸ்டுடியோவுக்கு எவ்வளவுன்னு கேக்கேன். பதறிப் பதறி வாசிக்கணுமான்னு தெரியணும்லா" என்றார். ரெண்டு நாள் முழுசாக எடுத்திருக்கிறோம் என்றேன். சரி என்றார்.

கிளம்பும்போது கோயிலில் என்ன வாசிப்பீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். ஞானப்பாட்டு வாசிப்பது சுலபம், கீர்த்தனைதான் கஷ்டம் என்றார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற கீர்த்தனைகள் ராகத்தில் அமைந்தவை, ஆர்கனோ கட்டை வாத்தியம். "இடது கைய அடக்கிக்கணும். சபை ஒரு பக்கம் போகும், ஆர்கன் ஒரு பக்கம் நிக்கும். பிடிச்சு இழுக்கப்படாது." நான் தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டுடியோ சாலிகிராமத்தில். ஐப்பசி மழை. பீரோவைக் குட்டியானையில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, நானும் பின்னால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போனேன். அங்கே இருந்தது ஐந்தடி மூன்றங்குல யமஹா பேபி கிராண்ட். ட்யூனர் காலை ஏழு மணிக்கே வந்து வேலையில் இருந்தார். ஒரு பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டை, ஆனால் தந்திகள் இருநூற்று முப்பதுக்குப் பக்கம். நடு ஸ்தாயியிலும் மேலேயும் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி. ரப்பர் ஆப்பை இரண்டு தந்திக்கு நடுவே செருகி அடக்கிவிட்டு மூன்றாவதைத் திருப்புவார், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு மூன்றையும் ஒன்றாக்குவார். எல்லாத் தந்தியும் சேர்ந்து உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை இழுக்கிற இழுப்பு பதினெட்டு டன் வரும். ஒரு லோடு லாரி அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையீரத்தில் அடிப்பலகை மரம் உப்பினால் தந்தியை மேலே தள்ளும், சுருதி ஏறும். ஏசி போட்டுக் காய்ந்தால் இறங்கும். எங்கள் சிக்கல் என்னவென்றால், ஏசி சத்தம் மைக்கில் விழுகிறது என்று ஒவ்வொரு டேக்குக்கும் அதை நிறுத்துவார்கள், டேக் முடிந்ததும் போடுவார்கள். பியானோ பாவம், ஊட்டிக்கும் மெரினாவுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் தகராறு சுருதியில் வரவில்லை, இடத்தில்தான் வந்தது. கிட்டாரும் பியானோவும் கார்டு போடும் ஸ்தாயி ஒன்றே. இருவரும் ஒரே நேரத்தில் போட்டால் ஒரே இலையில் ரெண்டு பேர் கை வைத்த மாதிரி. இரண்டாவது பாட்டின் நடுவில் கிட்டார்காரன் வாசிப்பதை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டான். மிஸ்ஸும் அதே இடத்தில் நிறுத்தியிருந்தார், அவனுக்கு விடுவதற்காக. எட்டு பார், அதாவது எட்டுத் தாளக் கட்டு, நானும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டே இருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சினியர் தம்பி இதுதான் அரேஞ்ச்மென்ட் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டினான். (ஆல்பத்தில் அந்த எட்டு பாரை அப்படியே வைத்திருக்கிறோம்.)

மத்தியானச் சாப்பாட்டில் அவனைத் தேற்ற நான் சொன்னது 1959 மார்ச் 2 கதை. நியூயார்க்கில் கைண்ட் ஆஃப் ப்ளூ என்ற ஜாஸ் ஆல்பத்தின் பதிவு. மைல்ஸ் டேவிஸ் குழுவின் அப்போதைய பியானிஸ்ட் விண்டன் கெல்லி ஸ்டுடியோவுக்குள் வருகிறார், பியானோ முன்னால் பில் எவன்ஸ் உட்கார்ந்திருக்கிறார். குழுவை விட்டுப் போனவரை மைல்ஸ் இதற்கென்று விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறார், சொந்த ஆளிடம் சொல்லவில்லை. அன்று முதலில் எடுத்த ஒரே ஒரு ப்ளூஸில் மட்டும் கெல்லி வாசித்தார், மற்றதெல்லாம் எவன்ஸ். கிட்டார்காரன் சாம்பார் சாதத்தை முடித்துவிட்டு, "கெல்லிக்கு முழுச் சம்பளம் குடுத்தாங்களா?" என்றான். சினிமா செஷன் ஆள், சரியான கேள்வியைத்தான் கேட்டான். சாப்பிட்டு வந்த பிறகு கார்டை விட்டுவிட்டு ஒற்றைத் தந்தியில் சாக்ஸோடு இழைந்து வாசிக்க ஆரம்பித்தான். ஒரு பாட்டில் முழுசாக ஒதுங்கிக்கொண்டான். அந்த ஒரு பாட்டுதான் இனிமேல் சொல்லப் போவது.

பாட்டின் பெயர் 'கடைசி பஸ்'. நான் போட்டது. முப்பத்திரண்டு பார், மெதுவான நடை, நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு தட்டு. ஜாஸில் இந்த ஒரு சுற்றைக் கோரஸ் என்பார்கள். ஆவர்த்தனம் மாதிரிச் சுற்றிச் சுற்றி வரும், மேலே கற்பனை மாறும். 'கடைசி பஸ்'ஸில் மெட்டை வில் போட்டு பேஸில் வாசிக்கிறேன், கூட பியானோவும், டிரம்ஸில் பிரஷ் சத்தமும் மட்டும். டி மேஜர், நம் கணக்கில் டி தான் ஷட்ஜம். ஒவ்வொரு முறையும் மெட்டு ஏறிப் போய் எஃப் ஷார்ப்பில், அதாவது காந்தாரத்தில், நாலு தட்டு நிற்கும்.

அங்கே நின்றதும் வாந்தி வருகிற மாதிரி ஒரு அலை. வாவ், வாவ், வாவ் என்று ஆறு முறை.

கன்ட்ரோல் ரூமில் சும்மா உட்கார்ந்திருந்த கிட்டார்காரனுக்கு முதல் டேக்கிலேயே காதில் விழுந்துவிட்டது. உள்ளே பேசுகிற டாக்பேக் மைக்கில், "பியானோ இறங்கிடுச்சு போல" என்றான், குரலில் கொஞ்சம் தீபாவளி. எனக்கும் அப்படியே பட்டது. ட்யூனருக்குப் போன் போட்டோம். மழையில் பெரம்பூரிலிருந்து பைக்கில் வந்தார் மனுஷன். சுருதி ஃபோர்க்கைத் தட்டினார், இருபது நிமிஷம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பியானோ கரெக்ட்டா இருக்கு சார்" என்றார். என் பேஸை ஒரு தடவை பார்த்தார். வேறெதுவும் சொல்லாமல் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டார்.

இங்கே என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயதிலிருந்து மயிலாப்பூரில் ஒரு மாமாவிடம் வயலின். அவர் வீட்டில் முதல் அரை மணி வாசிக்கவே விடமாட்டார், தம்புராவைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மந்தர ஷட்ஜத் தந்திக்குள்ளிருந்து யாரும் மீட்டாமலே அந்தர காந்தாரம் எழும். ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். அது கேட்கிற வரைக்கும் வயலின் பெட்டி திறக்காது. அந்தக் காந்தாரம் தந்தியின் ஐந்தாவது அனுஸ்வரம், இயற்கை போட்ட இடம். பியானோவின் காந்தாரம் அங்கே இல்லை. பன்னிரண்டு கட்டையையும் சம அளவாகப் பங்கு வைத்ததால் அது பதினாலு சென்ட் மேலே உட்கார்ந்திருக்கிறது. அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் பதினாலு பங்கு. பியானோவில் அந்த எஃப் ஷார்ப் நொடிக்கு 185 அதிர்வு, என் விரல் தேடிப் போவது 183.5. வித்தியாசம் நொடிக்கு ஒன்றரை அலை. நாலு தட்டு நின்றால் ஆறு. தந்தியைச் சுண்டி வாசிக்கும்போது ஸ்வரம் அதற்குள் செத்துவிடும், யாருக்கும் தெரியாது. வில்லில் மறைக்க முடியாது.

இந்தச் சண்டை பழசு. ஹார்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940லிருந்து 1971 வரை உள்ளேயே விடாமல் வைத்திருந்ததற்குக் காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கிட்டாரோடு எட்டு வருஷம் வாசித்தபோது தலைநீட்டவில்லை. அவன் தந்தியை ஒரு மயிரிழை வளைத்து என்னிடம் வந்துவிடுவான் போல. அவனுக்கே தெரியாமல்.

கல்லூரி நாட்களில் கைண்ட் ஆஃப் ப்ளூ கேசட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகுவேன், முதல் பக்கத்தில் எப்போதும் நான் கீழேயே இருப்பேன். டேப் ரிக்கார்டரைச் சந்தேகப்பட்டேன், பெல்ட்டை மாற்றினேன், கடைசியில் என் காதைச் சந்தேகப்பட்டேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு ஓடிய ரிக்கார்டிங் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் முதல் பக்கத்து மூன்று பாட்டும் இசைத்தட்டில் சுருதி கூடிப் பதிவாகிவிட்டன. 1992ல்தான் திருத்தினார்கள். முப்பத்துமூன்று வருஷம் உலகமே கூடிய சுருதியில் கேட்டிருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து, சுருதி சேரவில்லை என்றால் முதலில் எதிராளியைச் சந்தேகப்படுவது என்ற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

சாலிகிராமத்தில் எதிராளி டீ குடித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட்டை நனைத்தார். என்னையோ பியானோவையோ பார்க்கவில்லை. "ஏ தம்பி, இன்னொரு தடவ போவோம்" என்றார்.

இரண்டாவது டேக்கில் விரலை வேண்டுமென்றே மேலே தள்ளினேன். திறந்த டி தந்தி கீழே முழங்கிக்கொண்டிருக்க, மேலே அந்த ஸ்வரம் எனக்குப் பால் திரிந்த மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது டேக்கில் யோசிப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மெட்டு ஏறியது, நின்றது, அலை இல்லை. சுத்தமாக, எண்ணெய் மாதிரி நின்றது. கடைசி வரைக்கும் ஒரு இடத்திலும் அலை இல்லை. டாக்பேக்கில் கிட்டார்காரனே, "அது! அதான்டா!" என்று கத்தினான்.

அடுத்த மூன்று வாரம் நான் வீட்டில் ஒரு மாதிரி நடந்துகொண்டேன் என்று என் மனைவி சொல்கிறாள். மயிலாப்பூர் காதை ஒரே மணி நேரத்தில் பியானோவுக்குப் பழக்கிவிட்டவன் நான். அலுவலகத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வந்த ஒரு க்ளையன்ட்டுக்கு இதை விளக்கிச் சொன்னதாகவும் ஞாபகம்.

மிக்ஸிங் ஒரு சனிக்கிழமை ராத்திரி. எஞ்சினியர் தம்பியும் நானும் மட்டும். பேஸில் ஏதோ உறுமல் கேட்கிறது, தனியாகக் கேட்போம் என்று என் ட்ராக்கை மட்டும் விட்டான். எஃப் ஷார்ப் வந்தது. அவன் ஸ்கிரீனில் சுருதி அளக்கும் ட்யூனர் மீட்டர் ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பதிமூன்று சென்ட் கீழே. அடுத்த இடத்தில் பதினாலு. நான் ஒரு மயிரிழையும் நகரவில்லை. மாமா வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

"அப்ப ஏன் இடிக்கல?" என்றேன்.

தம்பி பியானோ ட்ராக்கைத் தனியாக விட்டான். மெட்டு நிற்கும் இடம் வந்தது. இடது கையில் ஏ, பி, மேலே ஒரு இ. அவ்வளவுதான். எஃப் ஷார்ப் இல்லை. அடுத்த முறை வந்தது, அங்கேயும் இல்லை, வேறு மூன்று ஸ்வரங்கள், காந்தாரத்துக்கு மட்டும் துவாரம். மூன்றாவது முறை கையையே எடுத்திருந்தார், பெடலில் மிதந்துகொண்டிருந்த பழைய நாதம் மட்டும். கடைசிச் சுற்றிலும் அப்படியே. நடுவில் நான் வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டுகிற இடத்தில், அவருடைய சோலோவில், அதே எஃப் ஷார்ப் வலது கையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஜாஸ் பியானோவில் ரூட்டை பேஸுக்கு விட்டுவிட்டு மூன்றாவது ஸ்வரமான காந்தாரத்தையும் ஏழாவதையும்தான் இடது கை பிடித்துக்கொள்ளும், அதுதான் உயிர். அந்த உயிரை எடுத்துவிட்டு வாசித்திருக்கிறார், கேட்கிறவனுக்குக் குறை தெரியாமல்.

முதல் டேக்கைத் திறக்கச் சொன்னேன். அதில் எல்லா இடத்திலும் எஃப் ஷார்ப் இருந்தது.

தம்பி நாற்காலியைத் திருப்பி, "அண்ணா, உங்க நோட்ட ட்யூன் பண்ணி மேல தூக்கிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை" என்றான். நல்ல பையன், உதவிக்குத்தான் கேட்டான். வேண்டாம் என்றேன். டீ சொல்லப் போய்விட்டான். அவன் வருவதற்குள் பியானோவை மட்டும் நாலு தடவை கேட்டேன்.

பாரிமுனையில் பழைய எலக்ட்ரிக் கடை ஒன்றில், பரண் மேலிருந்து தேடி எடுத்து நாற்பது வாட் குண்டு பல்பு ஆறு கொடுத்தார்கள். அதையும் ஒரு பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு வேப்பேரி போனேன். மிஸ் முதலில் பல்பைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டி, இழை அறுந்திருக்கிறதா என்று சோதித்தார். ஒன்று அவுட். "அஞ்சு போதும். நான் போற வரைக்கும் ஓடிரும்" என்று சிரித்தார்.

பழைய பல்பு முந்தின நாள்தான் போயிருந்தது போல. சம்மணமிட்டு உட்கார்ந்து பெடல் பலகையைக் கழற்ற ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஸ், 'கடைசி பஸ்'ல நீங்க எஃப் ஷார்ப்ப தொடவே இல்லையே."

"எந்த எடத்துல?"

"நான் வில்லு போடற எடத்துல எல்லாம்."

பலகை கையோடு வந்தது. அதைச் சுவரில் சாய்த்தார். "அதான் நீங்க வாசிக்கீங்கல்லா. நானும் எதுக்கு?" என்றார். "அந்த பல்ப எடுங்க. பாத்து, தந்தி மேல படாம."

ஹோல்டருக்குள் திருகிவிட்டு சுவிட்சைப் போடச் சொன்னார். போட்டேன். உள்ளே தூசியும் துருவேறிய தந்திகளும் ஒரு பழைய பத்து பைசாவும் மஞ்சளாகத் தெரிந்தன. வாசலில் கிரேடு புத்தகத்தோடு ஒரு பையன் வந்து நின்றான்.

"செருப்ப கழட்டிட்டு உள்ள வாலே" என்றார் மிஸ், பைசாவை எடுத்துக்கொண்டே.